கை அறிய வேண்டிய மூன்று விதிகள்

சென்ற ஆண்டு மலர் வெளியீட்டின்போது, குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லிக் கொடுக்கிறீர்கள், சார்? மண்டபத்துப் பக்கம் வந்தால் கோலி உருளும் சத்தமும் கேரம் காய் விழும் சத்தமும்தான் கேட்கிறது. பாடம் நடப்பதாகத் தெரியவில்லையே!" அவருக்கு அன்று நின்றபடியே பதில் சொல்லிவிட முடியவில்லை. இக்கட்டுரையே அந்தப் பதில்.

நான் 31 ஆண்டுகள் இடைநிலைப்பள்ளிகளில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது சனிக்கிழமைதோறும் பிற்பகல் 3 மணிக்கு, அன்னதானம் முடிந்து மண்டபத்தைக் கழுவிவிட்ட பிறகு, நான்காம் ஐந்தாம் படிவ மாணவர்களுடன் உட்காருகிறேன். இவர்களுள் பலர் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவர்கள். அங்கே 'விசை' என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் 'டாயா' ஆகிவிடுகிறது. கல்லூரிக்குப் போனால் 'ஃபோர்ஸ்' ஆகிவிடுகிறது. சொல் மூன்று, பொருள் ஒன்று. அந்தப் பொருளைக் கை ஒருமுறை தொட்டுவிட்டால், எந்த மொழியில் கேள்வி வந்தாலும் பிள்ளை தடுமாறுவதில்லை. இது என் அனுபவம்.

ஆனால் கோலியையும் கேரம் காயையும் நான் கையில் எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிவப்பு மை அடையாளம்

பணியில் இருந்த காலத்தில் நன்றாகப் பாடம் நடத்துபவன் என்று பெயர் எடுத்தவன் நான். இயக்க விதிகள் மூன்றையும் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்கள் பார்த்து எழுதுவார்கள், மறுநாள் ஒப்பிப்பார்கள், தேர்வில் புள்ளி வாங்குவார்கள். அதற்குமேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

1990களின் நடுவில் ஐந்தாம் படிவத்தில் ஒரு மாணவன் இருந்தான். கெட்டிக்காரன். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை வேளையில் அவன் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, முன்னே சென்ற லோரி திடீரென்று நின்றது. அவனால் நிறுத்த முடியவில்லை. தலைக்கவசம் அணிந்திருந்தான், ஆனால் தாடை வாரை மாட்டவில்லை. விழுந்தபோது கவசம் ஒரு பக்கம் போய்விட்டது.

காரியம் முடிந்த பிறகு அவன் வீட்டுக்குச் சென்றேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் "விதி" என்றார்கள். தந்தையார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அவனுடைய பௌதிகப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "நீங்க சொன்னதெல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கான் சார்" என்றார். திறந்த பக்கத்தில் நியூட்டனின் முதல் விதி இருந்தது. ஓர் எழுத்துப் பிழையில்லை. பக்கத்தில் என் சிவப்பு மையில் சரி என்ற அடையாளம்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பாடம் புரிந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நானும் சொல்ல வரவில்லை. அது யாராலும் சொல்ல முடியாத ஒன்று. ஆனால் அந்த வரி சாலையைப் பற்றியது, அவன் உடம்பைப் பற்றியது என்று நான் ஒருநாளும் அவனுக்குக் காட்டவில்லை. இது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். தமிழில் இரண்டுக்கும் 'விதி' என்றே பெயர். ஒன்று நம் கையில் இல்லை என்கிறார்கள். மற்றொன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அன்றுமுதல் அப்படித்தான் கற்பிக்கிறேன்.

இன்னொன்றையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். நான்காம் படிவத்தில் இயக்க விதிகளைப் படிக்கும் வயதும் அதுதான். சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. ஆகவே இது தேர்வுக்கு மட்டும் உரிய பாடமன்று.

முதல் விதி: இருப்பது இருக்கும், போவது போகும்

வகுப்பை எப்போதும் ஒரு கேள்வியோடுதான் தொடங்குவேன். "உதைத்த பந்து ஏன் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது?" பெரும்பாலோர் சொல்லும் பதில்: "உதைத்த பலம் தீர்ந்துபோச்சு சார்." இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பேரறிஞர்களே அப்படித்தான் எண்ணினார்கள்.

பதிலை நான் சொல்வதில்லை. பள்ளமுள்ள ஓர் அடிக்கோலைப் புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்து, ஒரே உயரத்திலிருந்து கோலியை உருட்டச் சொல்வேன். முதலில் சாக்கின்மேல், பிறகு பாயின்மேல், பிறகு கழுவித் துடைத்த பளிங்குத் தரையில். சாக்கில் ஒரு சாண் போன கோலி, பளிங்கில் மண்டபத்தின் மறு கோடிக்கே போய்விடுகிறது. "பலம் தீர்ந்துதான் நிற்கிறது என்றால், மூன்று முறையும் ஒரே பலம்தானே கொடுத்தோம்?" என்று கேட்பேன். சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருவர் மெல்லச் சொல்வார்: "தரைதான் சார் நிறுத்துது."

அவ்வளவுதான். கோலி தானாக நிற்கவில்லை. உராய்வு அதை நிறுத்துகிறது. தடுப்பது எதுவும் இல்லையென்றால் அது போய்க்கொண்டே இருக்கும். இத்தாலியில் கலிலியோ சாய்தளங்களில் குண்டுகளை உருட்டி ஆராய்ந்து 1638இல் நூலாக வெளியிட்டார். நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இதை முதல் விதியாக வைத்தார். 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் 1 என்ற விண்கலம், தள்ளிவிட எந்திரம் ஏதும் ஓடாமலேயே போய்க்கொண்டிருந்து, 2012இல் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை அடைந்தது. அங்கே சாக்கும் இல்லை, பாயும் இல்லை.

அடுத்து, கேரம் காய்கள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். அடிக்கும் காயை வேகமாகச் சுண்டினால் அடியில் உள்ள காய் மட்டும் பறந்து போகும். மேலுள்ள ஒன்பதும் நின்ற இடத்திலேயே இறங்கி உட்காரும். நின்ற பொருள் நின்றபடியே இருக்க விரும்பும் இந்தக் குணத்துக்கு 'நிலைமம்' என்று பெயர். மலாய்ப் பாடநூலில் 'இனர்சியா'.

இவ்விடத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் பின்வரிசை, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் பட்டறையில் வேலை. முதல் சில வாரங்கள் வாய் திறக்காதவன், கேரம் காயைப் பார்த்ததும், "சார், இது சுத்தியலுக்குப் பிடி போடுற மாதிரிதானே?" என்றான். எனக்கு விளங்கவில்லை. எழுந்து வந்து செய்து காட்டினான். தலை ஆடும் சுத்தியலைச் செங்குத்தாகப் பிடித்து, பிடியின் அடிநுனியைத் தரையில் ஓங்கி ஒரு தட்டு. பிடி நின்றுவிடுகிறது, கனமான இரும்புத்தலை நிற்காமல் கீழே இறங்கிப் பிடியில் இறுகிவிடுகிறது. முதல் விதிக்கு இதைவிட நல்ல சான்று என் 31 ஆண்டுப் பணியில் நான் காட்டியதில்லை. "இதற்குப் பேர்தான் இனர்சியா" என்றேன். "இவ்வளவுதானா சார்!" என்றான். அன்றிலிருந்து அவன் முன்வரிசை.

இரண்டாம் விதி: விசையும் அது செயல்படும் நேரமும்

பொருள் கனமாக இருந்தால் அதை வேகப்படுத்த அதிக விசை வேண்டும். வேகத்தைக் குறைக்கவும் அப்படியே. பொம்மை லோரி ஒன்றை நூலில் கட்டி, நூலின் மறுமுனையில் திருகாணிகள் நிறைந்த பையை மேசை விளிம்பில் தொங்கவிடுவோம். லோரியில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. இழுக்கும் பை அதேதான். லோரி கிளம்புவது மட்டும் வரவர மந்தமாகிறது. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்ற சூத்திரத்தை அதன் பிறகே எழுதுவோம்.

தேர் வடம் பிடித்த அன்பர்களுக்கு இது புதிதன்று. தேரை முதலில் அசைப்பதுதான் பெரும்பாடு. உராய்வுக்கும் அதில் பங்குண்டு, நிலைமத்துக்கும் பங்குண்டு. அசைந்துவிட்ட தேரை நிறுத்துவதும் எளிதன்று. அதனால்தான் முட்டுக்கட்டையோடு ஆட்கள் சக்கரத்தருகிலேயே நடக்கிறார்கள்.

பிள்ளைகள் மிகவும் விரும்பும் சோதனை இனிமேல்தான். பொதுவாக இதை முட்டையைக் கொண்டு செய்வார்கள். நம் மண்டபத்தில் முட்டை கூடாது. ஆகவே தண்ணீர் நிரப்பிய பலூன். இருவர் எதிரெதிரே நின்று எறிந்து பிடிக்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டியவர் சட்டையெல்லாம் நனைகிறார். பலூன் வரும்போதே கையையும் பின்னால் இழுத்துக்கொண்டு பிடிப்பவர் தப்பிக்கிறார். பலூனின் வேகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் அதைச் சட்டென்று நிறுத்துகிறார். மற்றவர் கொஞ்சம் தூரமும் நேரமும் கொடுத்து நிறுத்துகிறார். நேரம் கூடினால் விசை குறையும். சிதறு தேங்காயைக் கல்லில் எறிந்தால் சிதறுகிறது. அதே வேகத்தில் மணல் மூட்டையில் எறிந்தால் உருண்டு விழுகிறது. காரணம் ஒன்றே.

இதன் பிறகு ஒரு பழைய தலைக்கவசத்தைப் பிரித்து உள்ளே காட்டுவேன். மேலோடு மட்டுமே காப்பாற்றுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு தடித்த நுரைப்பொருள் இருக்கிறது. அடிபடும்போது அது நசுங்கிக் கொடுக்கிறது. நசுங்கும் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் உயிர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, 2 செ.மீ. தூரத்தில் நிற்பதாகக் கொள்வோம். 150ஐ 2ஆல் வகுத்தால் 75. அதாவது, தலையின்மேல் சராசரியாக அதன் எடையைப் போல 75 மடங்கு விசை விழுகிறது. தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ என்றால், 375 கிலோ பாரம். கவசம் இல்லாமல் தார்ச்சாலையில் 2 மில்லிமீட்டரில் நிற்க நேர்ந்தால் 750 மடங்கு, 3,750 கிலோ. ஒரு சிறிய லோரியின் பாரம்! பிள்ளைகளே வகுத்து விடை காணும்போது மண்டபத்தில் சத்தம் குறைந்துவிடும்.

வாரை மாட்டாத கவசம்? அதற்கும் தனி நிலைமம் உண்டு. தலை ஒரு பக்கம் திரும்பினால், கவசம் தன் வழியே போய்விடும். நம் நாட்டில் தலைக்கவசச் சட்டம் 1973ஆம் ஆண்டிலும், காரின் பின்னிருக்கையிலும் இருக்கை வார் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009ஆம் ஆண்டிலும் வந்தன. போலீசுக்காக மாட்டுகிறோம் என்று எண்ணும்வரை, போலீஸ் இல்லாத இடத்தில் கழற்றத்தான் தோன்றும்.

மூன்றாம் விதி: தள்ளினால் தள்ளப்படுவோம்

சுருள்வில் தராசுகள் இரண்டைக் கொக்கியோடு கொக்கி மாட்டி, இரண்டு மாணவர்களிடம் கொடுத்து இழுக்கச் சொல்வேன். "பலசாலி பக்கம் அதிகம் காட்டட்டும் பார்க்கலாம்" என்பேன். எவ்வளவு முயன்றாலும் இரண்டு முட்களும் ஒரே எண்ணையே காட்டும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்பதை இப்படிக் கண்டவர்கள் மறப்பதில்லை. பிறகு, மண்டபத்தின் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு நைலான் கயிறு கட்டி, அதில் உறிஞ்சு குழாயைக் கோத்து, ஊதிய பலூனை அதில் ஒட்டிவிட்டால் ராக்கெட் தயார். காற்று பின்னால், பலூன் முன்னால்.

இங்கே ஒரு மாணவி கேட்ட கேள்வி என்னை மகிழ வைத்தது. "நாம தேரை இழுக்கிற அதே பலத்தோட தேரும் நம்மைப் பின்னால இழுக்குதுன்னா, தேர் எப்படி சார் நகரும்? ரெண்டும் சரியாப் போயிடுமே?" பலருக்கும் உள்ள ஐயம் இது; கேட்கத்தான் ஆளில்லை. விடை இதுதான்: இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மேல் விழவில்லை. நாம் இழுப்பது தேரின்மேல். தேர் இழுப்பது நம்மேல். தேர் நகருமா என்று பார்க்க, தேரின்மேல் விழும் விசைகளை மட்டும் பார்க்க வேண்டும். சரி, தேர் நம்மைப் பின்னால் இழுத்தும் நாம் எப்படி முன்னே போகிறோம்? நம் பாதம் சாலையைப் பின்னால் தள்ளுகிறது. சாலை நம்மை முன்னால் தள்ளுகிறது.

"அப்படின்னா மழை பேஞ்ச தரையில?" என்றான் பட்டறைப் பையன். பதில் அவனுக்கே தெரியும். வழுக்கும் தரை நம்மைத் தள்ளாது. பிரேக் பிடிப்பதும் அப்படியே. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. வண்டியை நிறுத்துவது சாலை. நனைந்த சாலை குறைவாகவே பிடிக்கும்.

மூன்றும் சேரும் இடம்

கடைசிச் சோதனைக்கு வேண்டியவை அதே கோலியும் அடிக்கோலும், பக்கவாட்டில் வாசல் வெட்டிய ஒரு காகிதக் குவளையும்தான். கோலி உருண்டு வந்து குவளைக்குள் புகுந்து அதைத் தள்ளிக்கொண்டு போகும். 3 செ.மீ. உயரத்திலிருந்து விட்டபோது குவளை 4 செ.மீ. நகர்ந்தது. 12 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் கோலியின் வேகம் இரண்டு மடங்காகும். "அப்ப குவளை 8 செ.மீ. போகும்" என்றார்கள் எல்லோரும். அது ஏறக்குறைய 15 செ.மீ. போய் நின்றது. திரும்பத் திரும்பச் செய்தார்கள். கிட்டத்தட்ட நான்கு மடங்குதான் வந்தது.

வேகம் இரட்டித்தால், நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்கு. இதைச் சாலைக்குக் கொண்டு போனோம். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கை வைக்க 1 விநாடி ஆவதாகவும், பிறகு வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைவதாகவும் வைத்துக்கொண்டோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, அந்த ஒரு விநாடியில் 14 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 19 மீட்டரும் ஓடும். மொத்தம் 33 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்றால் 28 மீட்டரும் 77 மீட்டரும்; மொத்தம் 105 மீட்டர்.

எண்ணைத் தாளில் விட்டுவிடாமல், எல்லோரும் சுண்ணக்கட்டியும் அளவு நாடாவுமாக வாகன நிறுத்துமிடத்துக்குப் போனோம். 33 மீட்டரில் ஒரு கோடு கிழித்தோம். 105 மீட்டருக்கு அந்த இடம் போதவில்லை. கேட்டைக் கடந்து, சாலையோரமாகப் பூக்கடையையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அங்கே போய் நின்றுகொண்டு புறப்பட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். "இவ்வளவு தூரமா சார்?" என்று ஒருவன் மட்டும் கேட்டான். மற்றவர்கள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. 1990களில் நான் காட்டத் தவறிய தூரம் அது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில சொற்கள்

முதலாவதாக, விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். என்ன நடக்கும் என்று பிள்ளையை ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகம் தவறும்போதுதான் பாடம் பதிகிறது. இரண்டாவதாக, ஒரு சோதனையை ஒருமுறை செய்து நிறுத்திவிடாமல், குறைந்தது மூன்று முறை அளந்து எழுதச் செய்யுங்கள். மூன்றாவதாக, விலை உயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. கோலி, அடிக்கோல், பலூன், கேரம் காய், காகிதக் குவளை; வீட்டிலும் பக்கத்துக் கடையிலும் கிடைப்பவைதாம். நான்காவதாக, தேர்வில் பின்தங்கிய பிள்ளையை ஒதுக்கிவிடாதீர்கள். அவன் கைக்குத் தெரிந்ததை நாம் இன்னும் கேட்கவில்லை என்பதே பல வேளைகளில் உண்மை.

வகுப்பு மாலை 5 மணிக்கு முடிகிறது. பிள்ளைகள் மோட்டார் சைக்கிள்களை எடுக்கும்போது நான் மண்டபப் படியில் நின்று பார்ப்பது வழக்கம். முன்பெல்லாம் "வாரை மாட்டு" என்று நான்தான் குரல் கொடுப்பேன். இப்போது அந்தப் பட்டறைப் பையன், பின்னால் ஏறும் நண்பனின் தாடைக்கடியில் கை வைத்து இழுத்துப் பார்க்கிறான். இறுக்கமாக இருந்தால்தான் வண்டியைக் கிளப்புகிறான். எஸ்.பி.எம். தேர்வில் அவன் எத்தனை புள்ளி எடுப்பானோ, அது பிறகு தெரியும். இந்தப் பாடத்தில் அவனுக்கு நான் சிவப்பு மையில் அடையாளம் போட வேண்டிய தேவையில்லை.

சத்தம் கேட்டதே என்று சொன்ன நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை உள்ளே வந்து எங்களோடு தரையில் உட்காருங்கள். உங்களுக்கும் ஒரு கோலி தருகிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் நலமே வீடு வந்து சேர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.